குழாயில் ஒட்டு

1981, தை 24, வெள்ளி

மகள் புருஷன் ரேஸுக்குப் போகிற பியட் காரைக் குலதெய்வத்துக்குக் காட்ட இன்று மலைக்குக் கொண்டுவந்தார். நேர் ரோட்டில் இரண்டிரண்டு காராக விடுகிற போட்டியாம். இவருடையது இஞ்சினை மாற்றாத கார்களின் பிரிவு. அதற்கும் உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வேண்டுமாம். கார் உருண்டால் தலையைக் காப்பது அதுதான், குழாயில் நெடுக ஒட்டு இருக்கக் கூடாது என்று சட்டத்தை அவரே படித்துக் காட்டினார்.

குழாய் எங்கே வாங்கினது என்று கேட்டேன். ஆலங்காயத்து இரும்புக்கடை என்றார். பதினாறு வருஷத்துக்கு முன் அந்தக் கடைக்காரன் எங்கள் கிணற்றுக்கு ஒட்டுக் குழாயைத் தலையில் கட்டினான். ஒரே மாசத்தில் நெடுகப் பிளந்தது. அவன் மூஞ்சியை மறப்பேனா? டிக்கியில் கிடந்த மிச்சத் துண்டுக்குள் விரலை விட்டேன். தழும்பு மாதிரி நெருடியது.

"மாப்ள, இதுல ஒட்டு இருக்குதுங்க."

"கருப்பு பெயிண்ட் அடிச்சாச்சி அத்த. எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்துட்டேனே."

"நீங்க இன்னா, ரேஸ் இன்ஸ்பெக்டரா?"

மகளும் சேர்ந்து சிரித்தாள். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்ற மாப்பிள்ளையின் வாய்தானே அது. எனக்காகவா சொன்னேன்? அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அவர் சாப்பிடும்போது காருக்குள் புகுந்து, தலைக்கு மேலே போகிற குழாயில் ஆணியால் பெயிண்டைச் சுரண்டிவிட்டேன். ஒரு முழத்துக்கு ஒட்டுக் கோடு தெரிகிறது. விடியுமுன் கிளம்புகிறார். இருட்டில் அவர் கண்ணில் படாது. அங்கே சோதிக்கிறவன் கண்ணில் பட்டால் போதும், ஓட விடமாட்டான்.

அவன் அண்ணாந்து பார்ப்பானா?