பதக்கத்தின் பின்பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே உன் சுகம் நீ எழுதினால்தான் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, முணுமுணுப்பு குறையவில்லை. தங்கச்சி பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள், வீட்டில் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள். நீ குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, கிடங்கு வேலைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீரப் பதக்கம் பட்டறைக்கு வந்துவிட்டது, என் மேசைமேல்தான் இருக்கிறது. கடற்படைப் பதக்கங்களில் ஊரார் பிள்ளைகள் பெயரையெல்லாம் மளமளவென்று வெட்டியவன் நான், உன் பெயரை விளிம்பில் வெட்ட ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. ஒரு வெண்கலத் துண்டுக்கு இவ்வளவு அலப்பறையா என்று சின்ன வயசில் கேட்பாயே, அதன் கதையை ஒழுங்காகக் கேட்டுக்கொள். பாய்மரக் கப்பல் காலத்தில் இது கேப்டன்களுக்கு மட்டும்தான், மாலுமி உயிரைக் கொடுத்தாலும் முதுகில் ஒரு தட்டு, அதோடு சரி. ஒரு கப்பலில் வெடிமருந்து அறைப் பக்கம் தீப்பிடித்தபோது சமையல்காரர் ஒருவர் ஈரச் சாக்கோடு உள்ளே பாய்ந்தார், கேப்டனும் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். பதக்கம் கேப்டனுக்கு வந்தது. அவர் அதைக் கழற்றிச் சமையல்காரர் சட்டையில் குத்திவிட்டார், சமையல்காரரோ பின்பக்கத்தில் கத்திமுனையால் கேப்டன் பெயரைக் கீறிவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் உண்டு என்று விதி மாறியது, பின்பக்கத்தை வெறுமையாக விடும் வழக்கமும் வந்தது. வாங்குகிறவர் தன்னோடு நின்ற ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதை வெட்டிய பிறகுதான் பதக்கம் பட்டறையை விட்டுப் போகும். முன்பக்கத்தில் முதலில் மூழ்கும் கப்பலைப் போட்டார்களாம், இதை நெஞ்சில் குத்திக்கொண்டு எவன் கடலுக்குப் போவான் என்று மாலுமிகள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள், அப்புறம்தான் நங்கூரமும் அதைச் சுற்றிய கயிறும் வந்தன. ரிப்பன் கருநீலம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

பின்பக்கத்துக்குப் பெயர் கேட்டுக் கடற்படை அலுவலகத்திலிருந்து எழுதியும் நீ பதில் போடவில்லை. என்ஜின் அறையில் தண்ணீர் ஏறியபோது நீ இரும்புக் கதவை மூடியதால்தான் கப்பலும் மற்றவர்களும் தப்பினார்கள், உன் சிநேகிதன் நெட்டை உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோனான். அதனால்தான் நீ கடற்படையை விட்டுக் கண்காணாத இடத்துக்குப் போனாய் என்று எனக்குத் தெரியாதா. நெட்டை பெயரையே வெட்டிவிட்டால் உனக்கு நிம்மதியாகும் என்று நானாக நினைத்துக்கொண்டு, தையல்கடை வைத்திருக்கும் அவன் அம்மாவிடம் சம்மதம் கேட்கப் போனேன். அவர் மெஷினை நிறுத்தவே இல்லை. "எம்புள்ள பேரப் போடுறதா வேணாமாங்கிறது நீங்களும் நானும் முடிவு பண்றதில்ல. உங்க பையன்மேல கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. கோபப்படறதுக்காவது அவன் என் முன்னாடி வந்து உக்காரணும்ல" என்றார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே லீவு சொல்லிவிட்டு வா. பதக்கத்துக்காக வேண்டாம், அவரைப் பார்க்க வா. திட்டினால் வாங்கிக்கொள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதே. அதன்பின் நீ எந்தப் பெயரைச் சொன்னாலும் வெட்டுகிறேன், பதக்கமே வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்னொன்று, அம்மாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, நல்லவேளை கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது என் பிள்ளை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள், நானும்தான். டிக்கெட் போட்டதும் முதலில் நெட்டையின் அம்மாவுக்குச் சொல், எங்களுக்கு அப்புறம் சொன்னால் போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா