நைலான் வளையத்தில் ஏறிய இரும்பு

என் செல்லத் தம்பி ஜோயலுக்கு,

நீ போய் நாற்பத்தைந்து நாளாகிறது. இத்தனை நாள் அழுதுகொண்டிருந்தேன். நேற்றிலிருந்து கோபம். எதிரே நீ நின்றிருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

உன்னோடு கடல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பவித்ரா நேற்று வந்தாள். உன் மேஜைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு, அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அடியில் நான் கடைந்து கொடுத்த நைலான் வளையம் கிடந்தது. "இது எதுக்கும்மா திருப்பித் தர்ற, அடுத்த பயணத்துக்கு ஆவுமே?" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அண்ணா, உங்களுக்கு அவர் சொல்லவே இல்லையா?" என்றாள்.

நீ எதைத்தான்டா என்னிடம் சொன்னாய்?

அம்பத்தூரில் என் லேத் பட்டறைக்கு உடைந்த வளையத்தோடு நீ வந்து நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடல் தண்ணீரைக் குப்பிகளில் பிடிக்கும் குழாயின் வாயில் மாட்டுகிற வளையம். வெளிநாட்டிலிருந்து புதிது வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடும் என்றாய். "ண்ணா, இதுல இரும்பு பட்டுறக் கூடாது. தூசு கூட ஆவாது" என்றாய். லேத் பட்டறைக்கு வந்து சொல்கிற பேச்சா இது என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர்கள் கோடிகோடியாக மிதக்கின்றன, மீனிலிருந்து திமிங்கிலம் வரை எல்லாவற்றுக்கும் சோறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்றாய். தெற்குக் கோடிக் கடலில் கோடைக்காலத்தில் வெளிச்சம் இருக்கிறது, உரச்சத்தும் நிறைய இருக்கிறது, ஆனாலும் அவை பெருகுவதில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"மிஷின் கீது, கரண்ட் கீது, ராடு கீது. வெட்டுற டூல் பிட்டு மட்டும் இல்லன்னா உன் ஜாப் ஓடுமா? அங்க இரும்புதான் அந்த பிட்டு. காத்துல வர்ற தூசுல, உருகுற ஐஸ்ல துளியூண்டு வரும். அது எவ்ளோன்னு அளக்கத்தான் போறேன்."

அம்பத்தூரில் மூக்கைச் சிந்தினாலும் இரும்பு வரும். அது இல்லாமல் ஒரு கடலே வயிறு வாடிக் கிடக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உனக்காகப் புது டூல் பிட் போட்டேன். மிஷினைத் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மரை வெட்டி முடித்ததும் விளிம்பில் பிசிறு நின்றது. பக்கத்தில் கிடந்த அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. காலையெல்லாம் இரும்பு ராவிய அரம் அது. அதன் பல்லில் இருந்த தூள் நைலானில் ஏறிக்கொண்டது. நீ அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவியும் மரை இடுக்கிலிருந்து அது போகவில்லை என்று பவித்ரா சொன்னாள்.

கப்பல் திரும்பியபின் சோதித்தால் எல்லாக் குப்பியிலும் இரும்பு. கடலின் இரும்பு இல்லை, என் பட்டறை இரும்பு. வாந்தி எடுத்துக்கொண்டும் குளிரில் விறைத்துக்கொண்டும் நீ பிடித்த தண்ணீர் முழுக்க வீண். அட்டைப்பெட்டியில் இருந்த உன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாய்: 'அரத்தூள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.' மேலதிகாரியிடமோ, 'நான்தான் சரியாகக் கழுவவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தாய்? நானோ வளையத்தின் படத்தைப் பட்டறையில் மாட்டி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "நம்ம ஜாப்பு தென்துருவம் பக்கம் போயி வந்துகீது மாமே" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். நீயும் பக்கத்தில் நின்று சிரித்தாயே! சொன்னால் உடைந்துபோகிற ஆளா நான்?

நினைவுக் கூட்டத்தில் உன் மேலதிகாரி, "திறமையானவர், கவனம்தான் கொஞ்சம் போதாது" என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் பயணத்தின் அறிக்கையை இந்த வாரம் முடிக்கிறார்களாம். தவறுக்குக் காரணம் என்ற இடத்தில் உன் பெயர். இன்று காலை அவருக்குப் போன் செய்தேன். "அவரே ஒத்துக்கிட்டதுதானே சார், ஆளே போனப்புறம் எதுக்குக் கிளறணும்?" என்கிறார். ஆள் போய்விட்டால் எந்தப் பழியையும் தலையில் கட்டிவிடலாமா?

நேரிலேயே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றதும் உன் அண்ணியும் தடுத்தாள். "உன் மனசு நோவக் கூடாதுன்னுதான் அவன் மறைச்சான். நீயே போயி சொன்னா பட்டறைப் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

"என் பேரைக் காப்பாத்திக்க நான் உசுரோட கீறேன். அவன் பேருக்கு யாரு கீறா?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பவித்ராவுக்குப் போன் போட்டு, அந்த ஆள் எத்தனை மணிக்கு ஆபீஸ் வருவார் என்று கேட்டாள்.

இன்னொன்றையும் பவித்ராதான் சொன்னாள். கவனமில்லாதவன் என்று உன்னை அடுத்த கப்பலில் ஏற்றவில்லையாம். என்னிடம் நீ என்ன சொன்னாய்? "நானே வேணாம்னு லீவு போட்டுகினேன்ணா." அந்தக் கப்பல் கடலில் இருந்த நாட்களில்தான் இங்கே உனக்குக் காய்ச்சல் கண்டது. அதையும் மறைத்தாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

நாளைக் காலை அரத்தையும் வளையத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைக்கிறேன். உன் பெயரை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். வெளியே அனுப்பினால் மறுநாளும் போவேன். இது சத்தியம்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பழியை நான் ஏற்று, வேறு வளையமும் கடைந்து கொடுத்திருப்பேனே, ஜோயல். நீயும் அந்தக் கப்பலில் போயிருப்பாய்.

உன்மேல் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த அண்ணன்