எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில்

நவம்பர் 3

புது நோட்டு. முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தொமாசி சொல்வார். எழுதுகிறேன்.

மூத்த பேத்தி தடாலா சோம்பா நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் மட்டும் நூற்றுப் பதினாறு பிரசவம் பார்த்தாள், தாயும் பிள்ளையும் எல்லாம் சுகம். பேரன் லிம்பானி பிளாண்டயர் நகரத்தில் கம்ப்யூட்டர் படித்துக் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகப் பட்டம் வாங்கிவிட்டான். இளையவள் யாங்கோ பள்ளி இறுதிப் பரீட்சையில், கணக்கில், இந்த ஆற்றங்கரை முழுக்க முதல். இப்போது சந்தை ஸ்பீக்கரை அவள்தான் நடத்துகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் வழி வந்ததுகள்தான் மூன்றும்.

லிம்பானி பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோ சுவரில் இருக்கிறது. நடுவில் நான். சாயங்காலம் என் சிநேகிதி, கிழங்கு விற்கிற ஃபலேசி வந்தாள்.

"நீ இன்னும் நாலு தடவ பாத்தீன்னா படத்துல இருக்கிறதுங்க கண்ணு கூசி எறங்கி ஓடிரும்டி. அது சரி, நானும் அங்கதான நின்னேன். என்னை எங்க எலினாட்டி?"

நின்றாள்தான். லிம்பானிக்கென்று கோழியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் என்னோடு பிளாண்டயர் வரை வந்தாள். போட்டோவில் ஓரமாக, கோழியோடு நின்றாள். கண்ணாடிச் சட்டத்துக்குப் படம் அகலமாக இருந்தது. அந்த ஓரத்தைப் பின்பக்கம் மடித்துவிட்டேன்.

"சட்டம் சின்னதா இருந்துச்சு" என்றேன்.

"சட்டமா சின்னது?" என்றாள்.

சிரித்துவிட்டோம். நாற்பது வருஷப் பழக்கம்.

நவம்பர் 11

யாங்கோ பாவம். மான்யோசோவின் மாவு மில்லில் கம்ப்யூட்டர், கூரைமேல் கம்பத்தில் நாலு ஸ்பீக்கர். பாட்டு இரண்டாயிரத்து முந்நூறு. பழைய கேசட்டிலிருந்து, ஊரார் போன்களிலிருந்து, எங்கெங்கிருந்தோ சேர்த்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டு வந்தால் கொசு பாடுகிறது. அடுத்தது நகரத்துப் பாட்டு வந்தால் தகரம் அதிர்ந்து ஆடு கயிற்றை அறுக்கிறது. நாள் முழுக்க அவள் கை வால்யூம் திருகில்தான். ஒரு மாம்பழம் தின்ன முடியவில்லை.

தக்காளிக்காரி கத்துகிறாள்: "ஏ யாங்கோ, எம் புள்ள கண்ண மூடி அரை நிமிசம் ஆகல, அதுக்குள்ள பீரங்கியா?"

மீன்காரி அதற்கு மேல்: "இந்தப் பாட்டு எறும்புக்கா போடுற? எங்களுக்கும் போடு தாயி."

அடுத்த மாசம் மாவட்ட ரேடியோவிலிருந்து ஓர் ஆள் வருகிறாராம். பாட்டு அடுக்கிப் போட ஒருவர் வேண்டுமாம். சந்தையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வாராம்.

"கொழம்புல உப்பு ஒரு பக்கமாக் கெடந்தா கலக்கத்தான் வேணும். லிம்பானியக் கேளு, அதுக்கு ஒரு வழி வச்சிருப்பான்" என்றேன்.

யோசனை என்னுடையது. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 19

லிம்பானி போன் வழியாக ஒன்றை அனுப்பினான். அது ஒவ்வொரு பாட்டையும் தானே கேட்டு, மெலிந்ததைத் தூக்கி, பெருத்ததை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்திவிடுமாம். நேற்று முழுக்க ஓடியது. நான் கிட்டேயே உட்கார்ந்திருந்தேன்.

"அதுவா கேக்குமா?"

"கேக்கும் அப்பத்தா. நம்மள மாதிரி தூங்காமக் கேக்கும்" என்றாள் யாங்கோ.

பழைய பாட்டுமேலேயே புதியதை எழுதட்டுமா என்று கேட்டது. கம்ப்யூட்டரில் இடம் இல்லை, சரி என்று அமுக்கு என்று போனிலேயே சொன்னான் லிம்பானி. அமுக்கினாள்.

இன்று சந்தையில் ஒரு பிள்ளை எழவில்லை. ஓர் ஆடு மிரளவில்லை. எல்லாம் வழுவழுவென்று, நெய் தடவினாற்போல. மீன்காரி கருவாடு நாலு சும்மா கொடுத்தாள். யாங்கோ திருகின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டாள். "மான்யோசோ மாமா, இனிமே இத யாரும் தொடக் கூடாது. தொட்டா எல்லாம் கெட்டுரும்." பத்துத் தடவை சொன்னாள்.

டிசம்பர் 6

இன்று எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஆறு சொல்லாமல் வரும். மலைப்பக்கம் பெய்த தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்கு முன் மேலூரிலிருந்து செய்தி வரும். அந்த நாளில் தொமாசி புளியமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிப்பார். கீழ்க்கொல்லையில் இருப்பவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடி வருவார்கள். அவர் போவதற்கு முந்தின வருஷம் லிம்பானி அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்து வைத்தான். தண்டவாளத்தைப் பிறகு இரும்புத் திருடர்கள் கொண்டுபோனார்கள். அதிலிருந்து அந்தச் சத்தம் கம்ப்யூட்டரில்தான், பாட்டுகளுக்குக் கடைசியில். பல் கூசுகிற அளவுக்குப் பெரிதாக வேண்டுமென்றே வைத்திருந்தோம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை உச்சியில் கம்ப்யூட்டர் தானாக அதைப் போட்டுப் பார்க்கும். சந்தையே எழுந்து நிற்க வேண்டும். கடைசியாக எழுந்தவர் நடுவில் வந்து ஆட வேண்டும். ஃபலேசி எத்தனையோ தரம் ஆடியிருக்கிறாள். வேண்டுமென்றே கடைசியாக எழுவாள்.

இன்று அவள் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது. டிங், டிங் என்று என்னவோ. அடுத்த பாட்டு வந்தது. உரித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிழலைப் பார்த்தால் உச்சி தாண்டிவிட்டது.

ஒருவரும் நிற்கவில்லை. "இந்த மாசம் மறந்துட்டாங்க போல" என்று யாரோ சொன்னார்கள். யாங்கோ சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள்.

நானும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை எழுப்பிய கையோடு முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தவள் நான்.

ஃபலேசி என்னைப் பார்த்தாள். "போட்டாச்சு இல்ல?"

"போட்டாச்சு."

"உம் புருசன் கோயில் கூட்டத்தோட சேந்து பாட ஆரம்பிச்சிட்டான்டி." சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. "பொண்ணுகிட்டச் சொல்லு."

"வியாழக்கெழம ரேடியோக்காரர் வாரார். இப்பச் சொன்னா பதறி எல்லாத்தையும் கலைச்சுப் போடுவா."

கிழங்கில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "சரி. அவளுக்கு வேல கெடைக்கட்டும். நான் வாயத் தொறக்கல. ஆத்துல இப்ப முழங்கால் தண்ணிதான."

டிசம்பர் 11

ரேடியோக்காரர் காலையிலிருந்து மாலை வரை மரத்தடியில் இருந்தார். ஒருமுறைகூடக் காதைப் பொத்தவில்லை. போகும்போது யாங்கோவுக்குக் கைகொடுத்தார்.

டிசம்பர் 12

எறும்புகள் முட்டையோடு சுவரில் ஏறுகின்றன.

டிசம்பர் 20

வேலை கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து புறப்படுகிறாள். சொல்ல வாயெடுத்தேன். துணி மடித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். பண்டிகை கழியட்டும்.

டிசம்பர் 29

மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அவள் முகம் வாடும் என்றா? மாவட்ட ரேடியோவில் என் பேத்தி என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றா? எழுதினால் தெரியும் என்று பார்த்தேன். தெரிகிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 3

ஆற்றுத் தண்ணீர் சிவந்துவிட்டது. நீர்யானைகள் நாணலை விட்டு மேலே வந்து மேய்கின்றன. ஃபலேசி காலையிலேயே கீழ்க்கொல்லைக்குக் கிளம்பினாள், காவலுக்கு.

"போகாதடி" என்றேன்.

"எங் கெழங்க அதுக்குச் சீர் வைக்கச் சொல்றியா? இரும்பு கூப்பிட்டா வந்துட்டுப் போறேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இருவரும் தரையைப் பார்த்தோம். "பயப்படாத. எனக்குப் பாம்புக் காது" என்று போய்விட்டாள்.

இன்று முதல் சனி. உச்சிக்காகக் காத்திருந்தேன். டிங், டிங். நான் எழுந்து நின்றேன். நான் மட்டும்.

"என்ன ஆத்தா, முள்ளு குத்திருச்சா?" என்றாள் தக்காளிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மீன்காரியின் போனை வாங்கி யாங்கோவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

"அதையும் சேத்து அமுக்கிருச்சு அப்பத்தா. பழசு இல்ல. அழிஞ்சிருச்சு." பிறகு கேட்டாள்: "எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வந்து சரி செய்கிறேன், அதுவரை அந்தச் சத்தம் போடும்போது மட்டும் டேப்பைக் கிழித்துவிட்டுத் திருகைக் கடைசி வரை திருகச் சொல்லு என்றாள். நேராக மில்லுக்குப் போனேன்.

"யாரும் தொடக் கூடாதுன்னு பத்து தடவ சொன்னா ஆத்தா" என்றார் மான்யோசோ.

"இப்ப அவதான் திருகச் சொல்றா."

"சரி சரி, அப்ப வந்தா திருகுறேன். தள்ளி நில்லுங்க, மேலெல்லாம் மாவு."

ஜனவரி 8

மூன்றாம் நாள் மழை. ஃபலேசி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே போகிறாள், வாசலிலிருந்து பார்த்தேன். மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. நான் இன்று மில்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.

ஜனவரி 11

பள்ளிக்கூட மேடு. நோட்டு இடுப்பில் பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பியது.

வியாழன் பகல் மூன்று மணி இருக்கும். மேலூரிலிருந்து மான்யோசோவுக்குப் போன் வந்தது. அவர் அந்தச் சத்தத்தைப் போட்டார். திருகவில்லை. கதவைச் சாத்தவும் மூட்டையைப் பரணில் ஏற்றவும் ஓடினார். திருகினேன் என்றுதான் நினைத்தேன் என்று இப்போது அழுகிறார். அவர் கைக்கு அந்தப் பத்துத் தடவைதான் ஞாபகம் இருந்தது. அவரை நான் என்ன சொல்ல.

தகரத்தில் மழை கொட்டும்போது அந்த டிங் எனக்குக் கேட்டது, ஒரு மாசமாக அதற்கே காது வைத்துக் கிடந்ததால். பானை மூடியையும் உலக்கையையும் எடுத்து அடித்துக்கொண்டே சந்தை நெடுகப் போனேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சந்தைப் பக்கம் எல்லோரும் மேடேறிவிட்டார்கள். நான் அடித்துக்கொண்டே கொல்லைப் பாதையில் இறங்கினேன். என் முழங்கால்... பாதி வழியில் பாதையே இல்லை. தண்ணீர்தான், சிவப்பாக, சத்தமே இல்லாமல்.

கீழ்க்கொல்லையில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் மரத்தில் ஏறியிருந்து மறுநாள் படகில் வந்தார்கள். யாருக்கும் வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லையாம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது என்றுதான் இருந்தார்களாம்.

எழுபது வயதுக்காரி எந்த மரத்தில் ஏறுவாள்.

ஜனவரி 14

யாங்கோ வந்தாள். மில் சுவரில் பாதிதான் மிச்சம். கம்ப்யூட்டரைச் சேற்றிலிருந்து எடுத்தார்களாம். திருகில் டேப் அப்படியே ஒட்டியிருக்கிறதாம்.

"நான்தான் அப்பத்தா அமுக்குனேன். சரின்னு அமுக்குனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தேன்.

"எனக்கு டிசம்பர் ஆறாம் தேதியே தெரியும்" என்றேன்.

கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்துக் களியும் கீரையும் வாங்கி வந்து என் முன் வைத்தாள். தான் தின்னவில்லை.

ஜனவரி 17

அந்த ஆறாம் தேதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் எல்லோர் முன்னாலும் நானே எழுந்து சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 23

ஃபலேசி கிடைக்கவில்லை. இனித் தேடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. உடல் இல்லாததால் படத்தை வைத்து ஜெபம் செய்யலாம் என்றார் போதகர். அவள் மகள் என்னிடம் வந்தாள். கோபப்பட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்ககிட்ட அம்மா படம் ஒண்ணுகூட இல்ல. பிளாண்டயர்ல உங்களோட ஒண்ணு எடுத்தாங்களாமே. கோழியோட நின்னேன், ஆனா எலினாட்டி என்னைச் சுவத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

என் சுவரே ஆற்றோடு போய்விட்டது. சுவரில் இருந்தது எங்கே போனதோ.

நாளை யாங்கோ புறப்படுகிறாள். லிம்பானிக்கு அவளிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தப் படம் அவன் போனில் இருக்கும். போனுக்கு அனுப்ப வேண்டாம், இங்கே யார் போனும் உயிரோடு இல்லை. காகிதத்தில் புதிதாகப் போட்டுப் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தபாலில் அனுப்பட்டும். அவன் தொப்பியும் அங்கியும் தெரியாவிட்டால் பரவாயில்லை. நான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓரம் வெட்டுப்படாமல், கோழியும் தெரிகிற மாதிரி, முழுசாக.

மடிக்கக் கூடாது என்று உறைமேல் பெரிதாக எழுதச் சொல்ல வேண்டும்.