குளத்தோர வீடுகளும் என் முதல் கையெழுத்தும்

ஐப்பசி, செவ்வாய் இரவு

குளத்தை ஒட்டிய விவசாய நிலத்தில் தொழிலாளர் குடியிருப்பு கட்டக் கூடாது என்ற ஆட்சேப மனுவில் இன்று கையெழுத்திட்டேன். "மூத்தவங்க நீங்க மொதல்ல போடுங்க. அப்பத்தான் வீதியில எல்லாரும் போடுவாங்க" என்றார் எங்கள் வீதிக் குடியிருப்போர் சங்கத் தலைவர் பழனிசாமி. போட்டேன். பிறகுதான், "பனியன் கம்பெனி ஆளுங்க குடிவந்தா நம்ம எடத்து வெலை என்னாகுறதுங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாலையில் பாத்திரம் கழுவ வந்த செல்வி கேட்டாள்: "ஐயா, குளத்தோரம் வீடு கட்டப்போறாவளாம்லா? நாங்களும் அதுல ஒரு வீடு கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம். மக பெரியவளாயிட்டா. மண்ணரை ஏரியாவுல இப்ப இருக்க அந்த ஒத்த ரூம்ல துணி மாத்தக்கூட மறைப்பு இல்ல. நாளைக்கு இதப் பத்திப் பேசுற கூட்டத்துல நீங்க எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்சவிய சொன்னா கேப்பாவ."

"பார்க்கலாம்" என்றேன்.

இருட்டுவதற்குள் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தேன். மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறியது. மழைநீர் தேங்கும் இடம் என்று மனுவில் எழுதியது பொய்யில்லை. ஆனால் அதை நான் பார்த்தது கையெழுத்திட்ட பிறகு. தண்ணீரைக் கண்டதும் மனம் லேசானது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. எங்கள் வீதியும் இதே குளத்தோர நிலத்தை வீட்டுமனையாக மாற்றி உருவானதுதான். அதை மனுவில் யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மனுவை வாசிப்பார்கள். முதலில் என் பெயர்தான் வரும். நான் பேசுவதைக் கேட்க, செல்வி மகளையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாளாம்.