உவர்முனைக் கோட்டையில் செவிக்குமிழ்களை நோட்டம் பார்த்த வகை

கடலை எல்லையாகவும் மலையை மதிலாகவும் கொண்ட நீலவரை நாடு வாழ்க. அந்நாடு ஆளும் கோமானின் கோல் வளையாதிருக்க. அவர் வலக்கையாய் நின்று செம்பறை நகரில் கருவூலமும் அறமும் காக்கும் பேரமைச்சர் இளங்கண்ணனார் திருமுன்பு, உவர்முனைக் கோட்டையிலிருந்து அரண்மனைக் கருவி நோட்டக்காரன் காரி தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் மக்களும் நலமுற்றிருக்க. இவ்விடத்தில் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆகையால் நோட்டக்காரன் நேரே செய்திக்கு வருகிறான்.

பளிங்குத் தீவார் விற்க வந்த செவிக்குமிழ் இணை, பறையோசையையும் கடலோசையையும் அடக்கி மனிதக் குரலை மட்டும் உள்ளே விடும் என்று அவர்கள் சொன்னது மெய்யா என்று பார்க்கவும், மெய்யானால் நாட்டிலுள்ள நியாயத்தார் எல்லோருக்கும் வாங்கலாமா என்று எழுதவும் தாங்கள் ஆணையிட்டீர்கள். நோட்டக்காரன் அந்த இணையை உவர்முனைக்குக் கொண்டுவந்து, இவ்வூர் நியாயத்தார் கூத்தன் விடங்கர் கையில் கொடுத்தான். அவரைவிட அது தேவைப்பட்டவர் நாட்டில் இல்லை.

ஏன் என்றால், கொலைக்களத்து வழக்கம் தாங்கள் அறிந்ததே. சாகப் போகிறவன் கடைசியாகச் சொல்வதை நியாயத்தார் ஒருவர்தான் கேட்க வேண்டும். அது ஊர் காதில் விழாதபடி சுற்றிலும் பறை முழங்கும். நியாயத்தார் மட்டும் அவன் வாய்க்கு எதிரே மணை போட்டு உட்காருவார். கேட்டதில் ஐயம் பிறந்தால் கையை உயர்த்துவார்; தண்டனை நிற்கும், வழக்கு மறுபடி நடக்கும். ஐயமில்லை என்றால் தலையசைப்பார், வாள் இறங்கும். பொழுது சாய்ந்ததும் இறந்தவனின் உறவு அவர் வாசலுக்கு வரும். கடைசிச் சொல்லில் அவர்களுக்கானதை அவர் சொல்லி அனுப்புவார். விடங்கர் வயதெல்லாம் இந்தப் பறைக்கு நடுவிலேயே போனது. காதுக்குள் ஓயாமல் ஒரு வண்டு இரைகிறது என்று சொல்வார். கடைசிக் கடைசியாக வந்த சில வழக்குகளில் பாதிச் சொல்தான் பிடிபட்டது என்று அவர் நோட்டக்காரனிடம் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது.

கொற்றன் என்பவனின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் முனைக் கோபுரத்து விளக்குக்காரன். விளக்கை அணையவிட்டுத் தூங்கினான், அதனால் அரசரின் கலங்கள் பாறையில் மோதின என்பது குற்றம். சபையில் அவன் வாயே திறக்கவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வரி வாங்கும் தண்டல் நாயகர் மழவராயர் நியாயத்தாருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். அவருடைய ஆட்கள்தான் சாட்சி. வாயில்லாதவனை எப்படி விடுவது என்று விடங்கர் மரணம் எழுதினார்.  கடைசி நேரத்திலாவது இவன் ஏதாவது சொல்வான், அது முழுதாகக் காதில் விழ வேண்டும் என்பதே அவருக்கிருந்த ஒரே கவலை.

ஆகவே சோதனையை அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. குமிழ்கள் புளியங்கொட்டை அளவு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நூலோ கம்பியோ கிடையாது. வெயிலில் வைத்த சிமிழுக்குள் கிடந்தால் தெம்பேறி, காலையில் காதில் வைத்தால் உச்சிச் சோறு வரைக்கும் தாங்குகின்றன. குமிழை விரலால் ஒருமுறை தொட்டால் குரல் மட்டும் உள்ளே வரும், மறுமுறை தொட்டால் எல்லாமே அடைபடும். கன்னார் தெருவில் சம்மட்டிகள் விழுந்துகொண்டிருக்க, பக்கத்தில் ஒருவன் முணுமுணுத்த விலை அவருக்குக் கேட்டது. அலைவாயில் நின்றபோது கடல் வெறும் படமாய் அசைந்தது. குறைகளும் உண்டு. வெற்றிலை மென்றால் இடப்பக்கத்துக் குமிழ் நழுவுகிறது. மேல்காற்று அடித்தால் உள்ளே சீழ்க்கை போல் ஒரு சத்தம். உப்புப் படிந்தால் சிமிழ் மூடி இறுகிக்கொள்கிறது.

அவர் வீட்டுச் சமையல்காரி காளிக்குத்தான் இது பெரிய வேடிக்கை. ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதை மாட்டிக்கிட்டா நான் திட்டறது கேக்காதுல்ல ஐயா?"

"நல்லாவே கேக்குது. அதான் இதுல இருக்கிற பெரிய குறை."

"அப்ப நீங்க இத்தனை நாளா கேக்காத மாதிரி இருந்ததெல்லாம் நடிப்பா?"

விடங்கர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நோட்டக்காரன் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பறைக்காரர்களையும் வரவழைத்துக் கொலைக்களத்து முழக்கையே முழக்கச் சொன்னார். நோட்டக்காரன் கொற்றன் இருக்க வேண்டிய இடத்தில் மண்டியிட்டு, தன் ஊர்ப் பெயரையும் தாய் பெயரையும் மெதுவாகச் சொன்னான். அவர் ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொன்னார். பிறகு அவன் தோளைத் தட்டினார்.

"காரி, ரொம்ப வருஷமாச்சுய்யா இப்படி ஒரு பேச்சு முழுசா என் காதுல விழுந்து. நாளைக்கு அந்தப் பய என்ன சொன்னாலும் தப்பாது."

மறுநாள் களத்தில் விடங்கர் குமிழ்களை வைத்து, விரலால் தொட்டு, குரல் வரும்படி செய்துகொண்டார். வாள்காரன் தொண்டையைக் கனைத்தது கேட்கிறது என்று நோட்டக்காரனுக்குச் சைகை காட்டினார். நோட்டக்காரன் ஊரார் தாண்டக் கூடாத கோட்டுக்கு வெளியே போய் நின்றான். பறை எழுந்தது.

இங்கே நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மணையில் அமரும் நியாயத்தார், சாகப் போகிறவன் வாய் திறக்கும் முன் தம் இரு காதையும் இரு கையால் தொட்டு, இச்செவி பொய்க்காது என்று ஆணையிடுவது இந்நாட்டு முறை. எல்லாச் சோதனையும் செய்தவர்கள் அதை மட்டும் செய்து பார்க்கவில்லை. காரணம், அது யாருக்கும் ஒரு செயலாகவே தோன்றாது. கும்பிடப் போகிறவன் செருப்பைக் கழற்றுவதுபோல் கை தானாகச் செய்வது. விடங்கர் ஆணையிட்டார். அவர் விரல் இரண்டு குமிழிலும் பட்டது. எல்லாமே அடைபட்டன.

அவருக்கு அது தெரியவில்லை. பறையோசையைக் குமிழ்கள் முன்பே அடக்கியிருந்ததால் புதிதாக எதுவும் நின்றதாகத் தோன்றவில்லை. எதிரே கொற்றனின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. சாகும் இடத்தில் பாதிப் பேருக்குக் குரல் எழும்பாது, நாக்கு ஒட்டிக்கொள்ளும், உதடு மட்டும் துடிக்கும் என்பதை அவர் நெடுங்காலமாய்ப் பார்த்தவர். இவனுக்கும் அப்படித்தான், சொல்லே இல்லாதபோது ஐயத்துக்கும் இடமில்லை என்று எண்ணி இரங்கினார். நடுவில் ஒருமுறை முன்னால் குனிந்தும் பார்த்தார். அவர் குனிந்தது கண்டு கொற்றன் இன்னும் ஆவலாகப் பேசினான். வெகுநேரம் பேசினான். பிறகு உதடு நின்றது. உதடு நின்றால் பறை நிற்க வேண்டும் என்பதால் பறையும் நின்றது.

அந்த அமைதியில் கொற்றன் மறுபடி வாய் திறந்தான். களத்திலிருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

"கேட்டுச்சா சாமி? இது போதும்ல?"

கூத்தன் விடங்கர் தலையசைத்தார்.

கொற்றன் அதைத் தன் கேள்விக்கு விடை என்று கொண்டான்; முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டு, எழுந்திருப்பதற்காக ஒரு காலை ஊன்றினான். அப்போது வாள் இறங்கியது.

விடங்கர் காதில் வாள் இறங்கிய ஓசை வரவில்லை. அந்த ஓசை மனிதக் குரல் அல்லவே, அதனால் வராதிருக்கலாம் என்று ஒரு கணம் எண்ணினாராம். கூட்டத்தைப் பார்த்தார். எல்லோர் வாயும் திறந்திருந்தது. கொற்றனின் மனைவி வெள்ளைச்சி தரையில் உருண்டுகொண்டிருந்தாள். அவர் வலப்பக்கத்துக் குமிழைப் பிடுங்கினார். உடனே எல்லாக் கூக்குரலும் அந்த ஒரு காது வழியாக அவருக்குள் புகுந்தது. பக்கத்திலிருந்த பறைக்காரனிடம், கடைசியில் அவன் என்ன சொன்னான் என்று வினவினார். பறைக்காரன் சொன்னான். நியாயத்தார் மணையிலிருந்து எழ நேரமாயிற்று. நோட்டக்காரன்தான் கைகொடுத்து எழுப்பினான். 

வீட்டுக் கூடத்தில் விடங்கர் உட்கார்ந்திருந்தபோது, அழையாமலே வந்தார் மழவராயர். கையில் பரிசாக மடித்த பட்டுத்துணி. நோட்டக்காரனும் காளியும் தூணுக்கு இந்தப்பக்கம் இருந்தார்கள்; அவர் இருவரையும் ஆளாக மதிக்கவில்லை.

"என்ன நியாயத்தாரே, அசதியா? ரொம்ப நேரம் பேசினான்போல இருக்கே அந்தப் பய."

விடங்கர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"சாகப் போறவன் என்ன வேணா உளறுவான். பெரிய மனுசங்க பேரையெல்லாம் இழுப்பான். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா? நீங்கதான் தலையாட்டிட்டீங்களே. அப்பவே எனக்குத் தெரியும், நம்ம நியாயத்தார் விவரமானவருன்னு."

விடங்கர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு மழவராயர் வேறு பொருள் கொண்டார்.

"நான் மூட்டச் சொல்லல ஐயா. சத்தியமாச் சொல்றேன். பாறைப் பக்கம் நெருப்பு போட்டது ஆளுங்க. கப்பல் மோதினா கரையொதுங்கற சரக்குக்கு ஆசைப்பட்டானுங்க, பாவிங்க. நான் அப்புறம்தான் பார்த்தேன்."

"எந்த நெருப்பு?" என்றார் விடங்கர்.

சபையில் எவரும் இன்னொரு நெருப்பைப் பற்றிப் பேசியதில்லை. அணைந்த விளக்கு ஒன்றுதான் வழக்கு. மழவராயர் அந்தக் கேள்வியைக் கேட்டு வாயை மூடினார். பட்டுத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் காளி வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு, விறகுக்கட்டையோடு குறுக்கே நின்றாள்.

"உக்காருங்க நாயகரே. ஐயா இன்னும் பேசி முடிக்கல."

கோட்டைக் காவலர் வந்து அவரைக் கொண்டுபோயினர். அவருடைய ஆட்களில் ஒருவன் பாறையில் கரி கிடக்கும் இடத்தைக் காட்டிவிட்டான். கொற்றனின் விளக்கு அணையவே இல்லை என்பதும், இரண்டு வெளிச்சம் கண்டு மாலுமிகள் தவறான பக்கம் திரும்பினர் என்பதும் இப்போது தெரிகிறது. கொற்றன் சபையில் ஏன் பேசவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. வெள்ளைச்சி வேலை செய்வது மழவராயரின் உப்பளத்தில். அவர் காது இருக்கும் சபையில் அவர் பெயரைச் சொன்னால் அன்றே அவளைக் கடலில் தள்ளிவிடுவார்கள். பறைக்கு நடுவே நியாயத்தார் காதில் மட்டும் சொல்லலாம்; அவர் கையை உயர்த்துவார்; காவலோடு வழக்கு மறுபடி நடக்கும். நம் நாட்டு முறையை நம்பித்தான் அவன் காத்திருந்தான்.

விளக்கேற்றும் வேளையில் வெள்ளைச்சி வந்தாள். வழக்கப்படி வாசலில் நின்றாள். விடங்கர் இறங்கிப் போய், அவள் நிற்கும் மண்ணில் தாமும் நின்றார். மழவராயர் பிடிபட்டதைச் சொன்னார். பிறகு, தாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதையும், கேட்காமலே தலையசைத்தார் என்பதையும், காரணம் இன்னது என்பதையும் சொன்னார். குமிழ்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

அவள் அழவில்லை. குமிழ்களைத் தொடவும் இல்லை.

"நாயகரு பேரச் சொல்லியிருப்பாரு. அது சரி. அது ஒரு பேச்சுதானே சாமி. அவ்வளவு நேரம் வாய் அசைஞ்சுதே, நான் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குன்னு என்ன சொன்னாரு?"

விடங்கர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.  அதைக் கண்டு அவள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு உப்பளத்து வழியே போனாள்.

இதுவே நடந்தது. தாங்கள் கேட்டதற்கு விடை: ஓசையடக்கம் சொன்னபடியே இருக்கிறது, குறையில்லை. காதில் உறுத்தல் இல்லை. தெம்பு போதும். பளிங்குத் தீவார் சொன்னதில் பொய் கிடையாது. ஆயினும் எந்த நியாயத்தாருக்கும் இதை வாங்கலாகாது என்பதே நோட்டக்காரன் கருத்து. இந்த இணையை இத்துடன் திருப்பி அனுப்புகிறான். மழவராயர் விலங்கோடு வருகிறார். கூத்தன் விடங்கர் விலங்கில்லாமல், தம் விருப்பத்தின்பேரில் தாமே, அதே வண்டியில் வருகிறார். தம்மைச் சபையில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்றும், அந்தச் சபையில் பறை வேண்டாம், ஊர் முழுதும் இருந்து கேட்கட்டும் என்றும் அவர் தங்களை வேண்டுகிறார்.

கொற்றன் மனைவி வெள்ளைச்சிக்கு உப்பளத்து வேலை நீக்கி, கோபுரத்து விளக்கின் பொறுப்பைத் தருமாறு தாங்கள் ஆணையிட வேண்டும். இதை நோட்டக்காரன் அவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறான். விளக்கை ஏற்கிறேன் என்றாள். ஆனால் நியாயத்தார் திரும்பி வந்தால், அவர் வீட்டு வாசலுக்கு ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது வருவேன், அதைத் தடுக்கக் கூடாது என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, அவருக்கு ஏதாவது ஞாபகம் வரலாம், உதடு எப்படி அசைந்தது என்றாவது சொல்லட்டும் என்றாள்.

இவ்வோலை உவர்முனைக் கோட்டைச் சாவடியில் எழுதி, அரக்கிட்டு, நோட்ட முத்திரை பதித்தது. காரி எழுத்து. இதைச் சுமந்து வருபவனை வழியில் யாரும் நிறுத்தலாகாது. படித்தபின் இதை ஓலைச் சாலையில் பூட்டாமல், செம்பறை நகரச் சபையில் எல்லோரும் கேட்க உரக்க வாசிக்க.