உன் வரிக்கு என் ஓட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. அறையில் மூன்று பேர் துணை, ராத்திரி கூடி உட்கார்ந்து சாப்பாடும் அரட்டையும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அன்றைக்கு அம்மா மாத்திரை இல்லாமலே தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் புத்தக விளையாட்டு. மழை வருவதும் வராததுமாக இருந்தது. திரைச்சீலை அசைய அசைய, அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஒரு வெளிச்சம். நூலகக்காரம்மா அட்டையை மறைத்து ஒரு நாவலைக் கொண்டுவந்து, வேலைக்காக வேற்றூர் போனவனின் கதை என்று மட்டும் சொன்னார். அதற்கு ஆளுக்கொரு முதல் வரி எழுதவேண்டும். நிஜ வரியையும் கலந்து வாசிப்பார். எது நிஜம் என்று நாங்கள் கண்டுபிடிக்கவேண்டும். நீ போனில் சொன்ன வரியை மாமா எழுதிக் கொடுத்தார்.

உன் புளுகை நான் எப்போதும் மோப்பம் பிடித்துவிடுவேன். நிலா இல்லாமல் உனக்கு வரி ஓடாது. சுரங்கத்துக்குள்ளேயே நடக்கும் கதைக்கும் ஒரு நிலாவை இறக்கினவன் நீ. அன்றைக்கும் நிலாவுக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நூலகக்காரம்மா ஒரு வரி வாசித்தார். “அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது, அதை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான்.” அந்த மனிதன் எங்கள் நடுவிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. நான் அதற்கே ஓட்டுப் போட்டேன். மற்றவர்களும் அப்படியே. “இதெல்லாம் கற்பனையில வராதுங்க, நின்னு சாப்பிட்டவன்தான் எழுதியிருப்பான்” என்றார் தையல்காரர்.

அது உன் வரி என்று மாமா சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

விளையாட்டில் நிஜத்தைச் சொல்லிவிட்டு, கடிதத்தில் புளுகியிருக்கிறாய். அந்த மூன்று பேரில் ஒருவர் பெயரைக்கூட நீ எழுதவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அடுத்த கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுது. நடுவில் நிலா வந்தாலும் பரவாயில்லை. முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு. இங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும். இன்றைக்கு மட்டுமாவது அந்த நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு.

உன் அக்கா