சாவி என்னிடம் இருந்த நாற்பது நிமிடம்

அண்ணே,

இன்று காலை பெருமாள்மலை முக்கில் ஒரு ஜீப் வந்து நின்றது. பிரேக் தீய்ந்த வாசனை. நீங்கள் ஓட்டிய ஜீப் வந்து நின்றால் அடிக்கும் அதே வாசனை. நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

ஒரே தெருவில் இரண்டு நிவாரண அமைப்புகள். உங்கள் அமைப்புக்கு ஒரு ஜீப், எங்கள் அமைப்புக்கு ஒன்று. ஒரே ஊருக்கு, ஒரே நாளில், இரண்டும் பாதி காலியாகப் போகும். ஒன்றில் ஏற்றினால் என்ன என்று யாராவது கேட்டால், கதவில் ஒட்டியிருக்கும் நன்கொடையாளர் பெயரைக் காட்டுவோம். வெட்கக்கேடு.

அந்தப் பெருமழை நாளில் அடுக்கம் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் மலையடிவாரத்தில், விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம். உங்கள் ஜீப்பில் கிளட்ச் போயிருந்தது. எங்கள் ஓட்டுநர் காய்ச்சலில் பழனிக்குப் போயிருந்தார். நனைந்துகொண்டே வந்து சாவி கேட்டீர்கள்.

"வெளியாள் ஓட்டுனா இன்சூரன்ஸ் செல்லாதுண்ணே. மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுர்றேன்" என்றேன். போன் போகவே இல்லை. மறுபடி மறுபடி அடித்தேன்.

"ஏந்தங்கச்சி, வலியில கெடக்குறவளுக்கு, எந்த ஆபீசு வண்டின்னு கேட்டுட்டா வலி வருது? வெரசா குடும்மா."

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? ஆணியில் தொங்கிய எங்கள் ஓட்டுநரின் சட்டையை எடுத்து உங்களுக்கு மாட்டிவிட்டேன். அதைப் போட்டால் நீங்கள் எங்கள் ஆள் ஆகிவிடுவீர்களாம்! பொத்தான் வரை போடச் சொன்னேன். அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. சாவியைக் கொடுத்து நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு சார்" என்றீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது யார் வண்டியையும் யாரும் எடுக்கலாம் என்று இரண்டு அமைப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாசனைக்குப் பிறகு ஆபீசில் உட்கார முடியவில்லை. மத்தியானம் அடுக்கம் போனேன். அந்தத் தாய் வாசலில் பூண்டு காய வைத்துக்கொண்டிருந்தாள். மண் சரியவில்லை, சாவியைக் கொடுக்காதவள் நான்தான் என்று சொன்னேன்.

"எம்புட்டு நேரம்?" என்றாள்.

"நாப்பது நிமிசம்."

அவள் என்னைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. பூண்டைக் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எனக்காக நீங்கள் சொன்ன பொய் இனி இல்லை, அண்ணே.